ஹெப்சா அம்மையார் அறக்கட்டளை

யேல் பல்கலைக்கழகத்தின் சில்லிமன் வரிசையில் வந்த பழைய நூல் ஒன்றைத் திறந்தால், தலைப்புப் பக்கத்தை அடுத்து ஓர் அறிவிப்பு இருக்கும். நூலாசிரியர் மாறுவார், துறை மாறும், அறிவிப்பு மாறாது. 1883ஆம் ஆண்டில் 80,000 டாலர் உயிலாக எழுதிவைக்கப்பட்டது. ஹெப்சா ஈலி சில்லிமன் என்ற தாயாரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் தந்த கொடை அது. அந்தப் பணத்தின் வருவாயிலிருந்து, அவர் பெயரால் ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவுத் தொடர் நடக்க வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்கிறோமே, அதே ஏற்பாடுதான்.

உயிலை எழுதியவர் மகன் ஆகஸ்டஸ் ஈலி சில்லிமன். நியூயார்க்கில் வங்கித் தொழிலில் இருந்தவர். இயற்கையிலும் மனித ஒழுக்கத்திலும் வெளிப்படும் இறைவனின் ஞானத்தையும் கருணையையும் எடுத்துக்காட்டுவதே சொற்பொழிவுகளின் நோக்கம் என்று அவர் எழுதினார். அந்தக் காலத்துப் பக்திமான் ஒருவர் அப்படி எழுதியதில் வியப்பில்லை. அடுத்து அவர் விதித்த நிபந்தனைகள்தான் வியக்க வைக்கின்றன. சமயக் கோட்பாட்டைப் பற்றியோ சமய வாதங்களைப் பற்றியோ அந்த மேடையில் பேசக் கூடாது. இயற்கையின் உண்மைகளையும் வரலாற்றின் உண்மைகளையும் ஒழுங்காக எடுத்து வைத்தாலே போதும். கோட்பாட்டை வலியுறுத்துவதைவிட அதுவே தன் நோக்கத்தை நன்றாக நிறைவேற்றும் என்று நம்பினார். எந்தத் துறைகளுக்கு முதன்மை தர வேண்டும் என்றும் பட்டியலிட்டார்: வானியல், வேதியியல், நிலவியல், உடற்கூறியல். முதலில் நிற்பது வானியல். கடைசியாக இன்னொரு விதி: ஒவ்வோர் ஆண்டின் சொற்பொழிவும் ஒரு நூலாக வேண்டும். அந்த நூல்களின் வரிசைதான் தாயாருக்கு நினைவுச் சின்னம்.

இந்தக் கடைசி விதியால்தான் ஒரு குடும்பத்தின் பணம் இருபதாம் நூற்றாண்டு இயற்பியலின், வானியலின் வரலாற்றுக்குள் நுழைந்தது.

பணம் கொடுத்துப் பேச வைக்கும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. லண்டனில் 1691ஆம் ஆண்டின் கடைசி நாளில் இறந்த வேதியியலாளர் ராபர்ட் பாயில், ஆண்டுக்கு 50 பவுண்டு ஒதுக்கி ஒரு சொற்பொழிவு நிறுவினார். இறைநம்பிக்கை இல்லாதவர்களுக்கு மறுப்புச் சொல்வது அதன் வேலை. முதலில் பேசிய ரிச்சர்ட் பென்ட்லி, நியூட்டனின் ஈர்ப்பு விதியைத் தன் வாதத்துக்குத் துணையாகக் கொள்ள நினைத்தார். பேசியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஐயங்கள் எழுந்தன. நியூட்டனுக்கே கடிதம் எழுதிக் கேட்டார். பொருள்கள் எல்லாம் ஒன்றையொன்று இழுக்கின்றன என்றால், பிரபஞ்சம் முழுவதும் ஏன் ஒரே இடத்தில் குவிந்துவிடவில்லை? நியூட்டன் நான்கு கடிதங்களில் பதில் எழுதினார். அண்டவியலின் ஆழமான கேள்விகளில் ஒன்று இப்படி ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவை அச்சேற்றும் வேலையில் எழுந்தது. மேடையில் பேசும்போது கடந்துபோன ஐயம், எழுத்தில் வைக்கும்போது கடக்க விடவில்லை. சில்லிமனின் விதிக்கும் இதே பலன் இருந்தது.

யேலின் கைக்குப் பணம் வந்தது 1901இல். முதல் சொற்பொழிவாளராக கேம்பிரிட்ஜிலிருந்து ஜே. ஜே. தாம்சன் 1903 மே மாதம் யேல் இருக்கும் நியூ ஹேவனுக்கு வந்தார். எலக்ட்ரானைக் கண்டுபிடித்து ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அணுவுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கலாம் என்று அவர் பேசினார். ‘மின்னும் பொருளும்’ என்ற பொருளில் தலைப்பிட்ட அந்த நூல் 1904இல் வெளிவந்து, வரிசையின் முதல் தொகுதியானது. அணுவைப் பற்றி அவர் அப்போது வரைந்த படம் நிலைக்கவில்லை. ஆனால் அது என்ன படம், எந்தக் காரணங்களால் வரையப்பட்டது என்பது முழுதாக அச்சில் இருந்தது. பின்னால் வந்தவர்கள் எதை மறுக்கிறோம் என்று தெரிந்து மறுக்க முடிந்தது.

அப்படி மறுத்தவர்களில் பெரியவர் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு. அவரும் இதே மேடைக்கு 1905இல் வந்தார். அப்போது மாண்ட்ரியலில் பேராசிரியர். கதிரியக்கப் பொருள்கள் சிதையும்போது ஹீலியம் வெளிப்படுகிறது. ஒரு கனிமத்துக்குள் எவ்வளவு ஹீலியம் சிறைப்பட்டிருக்கிறது என்று அளந்தால், அந்தக் கனிமம் உருவாகி எவ்வளவு காலம் ஆயிற்று என்று சொல்லலாம் என்ற யோசனையை அந்தச் சொற்பொழிவுகளில் முன்வைத்தார். பாறைக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை உலகம் அறிந்த தருணங்களில் இது ஒன்று. நியூ ஹேவனிலேயே வாழ்ந்த பெர்ட்ரம் போல்ட்வுட், ஹீலியத்துக்குப் பதிலாக ஈயத்தை அளந்து 1907இல் பாறைகளின் வயதைக் கணக்கிட்டு வெளியிட்டார். கோடிக்கணக்கான ஆண்டுகள் என்ற அளவு நிலவியலுக்குள் உறுதியாகக் கால் ஊன்றியது.

உயிலில் முதலில் நின்ற வானியலுக்கு முறை வந்தது 1910இல். கலிஃபோர்னியாவில் லிக் வானாய்வகத்தின் இயக்குநர் வில்லியம் வாலஸ் காம்பெல், விண்மீன்களின் இயக்கத்தைப் பற்றிப் பேசினார். விண்மீன் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, கோடுகள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று பார்த்து, அது நம்மை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்று அளக்கும் வேலையில் அவர் ஆண்டுக்கணக்காக உழைத்தவர். சூரியனும் தன் குடும்பத்தோடு சுற்றுப்புற விண்மீன்களுக்கிடையே நொடிக்கு ஏறக்குறைய 20 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்பது அந்த அளவீடுகள் சொன்ன செய்தி. நூல் 1913இல் வந்தது.

1923இல் நீல்ஸ் போர் கோபன்ஹேகனிலிருந்து வந்து அணுவைப் பற்றிப் பேசினார். முந்தைய ஆண்டுதான் நோபெல் பரிசு பெற்றிருந்தார். பத்திரிகைகள் அந்தப் பேச்சுகளைச் செய்தியாக்கின. ஆனால் அவை இந்த வரிசையில் நூலாகவில்லை. அதனால் சில்லிமன் சொற்பொழிவுகளைப் பற்றிப் பேசும்போது போரின் பெயர் எளிதில் நினைவுக்கு வருவதில்லை.

எட்வின் ஹபிள் வந்தது 1935இன் இலையுதிர் காலத்தில். மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் அதற்குமுன் பத்தாண்டுகளுக்கு மேலாகச் செய்த வேலையை முதன்முதலாக ஒரே தொடராகக் கோத்துச் சொல்லும் வாய்ப்பு அவருக்கு இங்கேதான் வாய்த்தது. மறு ஆண்டு வெளிவந்த ‘நெபுலாக்களின் உலகம்’ வானியலின் மூல நூல்களில் ஒன்று. விண்மீன் திரள்களை வடிவத்தை வைத்து வகைப்படுத்தும் புகழ்பெற்ற வரைபடம் அந்த நூலில்தான் அச்சேறியது. இடப்பக்கம் நீள்வட்டத் திரள்கள், உருண்டையாக இருப்பது முதல் தட்டையாக இருப்பது வரை வரிசையாக. அங்கிருந்து இரண்டு கிளைகள்: மேல் கிளையில் சாதாரணச் சுருள் திரள்கள், கீழ்க் கிளையில் நடுவே பட்டை கொண்ட சுருள் திரள்கள். இன்று பள்ளிப் பாடநூல் வரை இறங்கிவிட்ட படம் அது.

அதே நூலில் இன்னொரு செய்தி: ஒரு விண்மீன் திரள் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அந்த அளவுக்கு அதன் ஒளி சிவப்பை நோக்கி நகர்ந்திருக்கிறது. தொலைவு ஒரு மெகாபார்செக் கூடும்போதெல்லாம் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 530 கி.மீ. கூடுகிறது என்பது ஹபிளின் கணக்கு. உண்மையிலேயே பிரபஞ்சம் விரிகிறதா என்று முடிவாகச் சொல்ல அவர் தயங்கினார். அளந்ததை அளந்தபடி வைத்தார். அதற்குப் பொருள் கூறும் பொறுப்பைக் கோட்பாட்டாளர்களிடம் விட்டார்.

அந்த எண்ணில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. திரள்கள் எப்போதும் அதே வேகத்தில் விலகி வந்திருந்தால், அவை எல்லாம் ஒன்றாக இருந்த காலம் ஏறக்குறைய 180 கோடி ஆண்டுகளுக்கு முன். ரூதர்ஃபோர்டு இதே மேடையில் திறந்துவைத்த பாறைக் கடிகாரமோ, ஆண்டுக்கு ஆண்டு பூமியின் வயதைக் கூட்டிக்கொண்டே போனது. 1940களில் ஆர்தர் ஹோம்ஸ் 300 கோடி ஆண்டுகள் என்ற கணக்குக்கு வந்துவிட்டார். பிரபஞ்சத்தைவிடப் பூமிக்கு வயது அதிகம் என்று இரண்டு அளவீடுகளும் சேர்ந்து சொல்லின. ஒரே அறக்கட்டளையின் இரண்டு நூல்கள் கிளப்பிய கணக்குகள் நேருக்கு நேர் மோதின. வால்டர் பாடே 1952இல் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்: தொலைவை அளக்க ஹபிள் பயன்படுத்திய செஃபீட் விண்மீன்களில் இரண்டு வகை உண்டு; அவற்றைப் பிரித்துப் பார்த்தால் தொலைவுகள் எல்லாம் ஏறக்குறைய இரு மடங்காகின்றன. பின்னால் இன்னும் திருத்தங்கள் வந்து, இன்று அந்த எண் 70ஐ ஒட்டி நிற்கிறது. கிளேர் பேட்டர்சன் 1956இல் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று நிறுவினார். ஹபிளின் எண் ஏழு மடங்கு பெரிதாக இருந்தும் அவருடைய நூல் மதிப்பிழக்கவில்லை. எந்தத் தொலைவை எப்படி அளந்தேன் என்று படிப்படியாக அவர் எழுதி வைத்திருந்தார்; எந்தப் படியில் பிசகு என்று அடுத்தவர் விரல் வைக்க முடிந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இயற்பியலாளர் ஃபெர்மி துகள்களைப் பற்றிப் பேசினார். ஹெரால்டு யூரி கோள்களின் தோற்றத்தைப் பற்றிப் பேசியது 1952இல் நூலாகி, சூரியக் குடும்பத்தை வேதியியல் கண்ணோடு பார்க்க ஒரு தலைமுறைக்குக் கற்றுத் தந்தது.

கணிதவியலாளர் ஜான் வான் நாய்மனின் கதை வேறு. 1956இன் வசந்த காலத்தில் பேச அவருக்கு அழைப்பு வந்தது. கணினியையும் மூளையையும் ஒப்பிட்டுப் பேசுவது என்று முடிவு செய்தார். வழக்கமாகத் தொடர் இரண்டு வாரம் நடக்கும். அரசுப் பணியில் இருந்த அவருக்கு அவ்வளவு நாள் ஒதுக்க முடியவில்லை. ஒரு வாரமாகச் சுருக்கிக்கொள்ள யேல் இசைந்தது. 1955 ஆகஸ்டில் எலும்புப் புற்றுநோய் என்று தெரிந்தது. சில மாதங்களில் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். பயணம் செய்ய முடியாது, கையெழுத்துப் படியையாவது கொடுத்துவிடுகிறேன் என்றார். மருத்துவமனைக்குப் போனபோது முடிக்காத அந்தத் தாள்களையும் எடுத்துச் சென்றார். படுக்கையிலும் எழுத முயன்றார். 1957 பிப்ரவரி 8ஆம் தேதி இறந்தார். அவர் மனைவி கிளாரா முன்னுரை எழுத, 1958இல் அந்த அரைகுறைப் பிரதி சிறிய நூலாக வந்தது. மேடையில் ஒரு சொல்கூடப் பேசப்படாத சில்லிமன் சொற்பொழிவு அது. கணினி அறிவியல் படிப்பவர்கள் இன்றும் அதை வாசிக்கிறார்கள். பேசிவிட்டுப் போன நீல்ஸ் போரையும், பேசாமல் எழுதிப் போன வான் நாய்மனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், உயிலின் கடைசி விதி எவ்வளவு தொலைநோக்கோடு எழுதப்பட்டது என்று புரியும்.

1960களில் இந்த மேடைக்கு வந்தார் சுப்பிரமணியன் சந்திரசேகர். லாகூரில் 1910இல் பிறந்த தமிழர். சென்னை மாநிலக் கல்லூரி மாணவர். அப்போது சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர். வெளியூரிலிருந்து வரும் பேச்சாளர் ஒருவர் ஓர் இளைஞனின் வாழ்க்கையை எப்படித் திருப்ப முடியும் என்று அவருக்கு அனுபவத்திலேயே தெரியும். 1928இல் ஜெர்மன் இயற்பியலாளர் அர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேசினார். அவருடைய அணு அமைப்பு நூலை ஊன்றிப் படித்திருந்த சந்திரசேகர், அவர் தங்கியிருந்த விடுதிக்கே போய்ச் சந்தித்தார். நீ படித்த நூல் பழசாகிவிட்டது, குவாண்டம் இயக்கவியல் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று சோமர்ஃபெல்டு சொன்னார். சொன்னதோடு நிற்காமல், ஃபெர்மி, டிராக் வகுத்த புதிய புள்ளியியலை வைத்து உலோகங்களைப் பற்றித் தான் எழுதி இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார். சில மாதங்களில் அந்தப் புதிய புள்ளியியலைக் கொண்டு சந்திரசேகர் எழுதிய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. 1930இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியபோது, வெண்குறு விண்மீன்களின் நிறை வரம்பைக் கண்டறிய அவர் பயன்படுத்தியதும் அதே புள்ளியியலைத்தான். அன்றும் பேச்சோடு சேர்ந்து கைக்கு வந்த தாள்கள்தான் பெரிய உதவி செய்தன.

யேலில் பேச அவர் எடுத்துக்கொண்ட கேள்வி நியூட்டன் காலத்தது. தன் ஈர்ப்பால் தானே கட்டுண்டு, சுழன்றுகொண்டிருக்கும் ஒரு திரவக் கோளம் என்ன வடிவம் எடுக்கும்? சுழலும் பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருக்கும், தட்டைமை 230இல் ஒரு பங்கு என்று நியூட்டன் கணக்கிட்டார். மெக்லாரின் 1742இல் தட்டையான கோளங்களுக்குத் துல்லியமான தீர்வு தந்தார். வேகமாகச் சுழலும் பொருள் வட்டமாக இருக்க வேண்டியதில்லை, நீளம், அகலம், கனம் மூன்றும் வெவ்வேறாக, மாங்கொட்டை போலவும் இருக்கலாம் என்று ஜேக்கபி 1834இல் காட்டினார். டிரிக்லே, டெடிகிண்ட், ரீமன் ஆகியோர் உள்ளே திரவம் ஓடும் வடிவங்களையும் சேர்த்தார்கள். 1885இல் புவாங்கரே பேரிக்காய் வடிவம் ஒன்று உண்டு என்றார். இரட்டை விண்மீன்கள் அப்படிப் பிளந்துதான் பிறந்தனவோ என்ற நம்பிக்கை எழுந்தது. பேரிக்காய் நிலையற்றது என்று தெரிந்ததும் ஆர்வம் வடிந்து, துறை பாதியில் நின்றுபோனது.

சந்திரசேகர் அதைக் கையில் எடுத்தார். இளைய சகா நார்மன் லெபோவிட்ஸுடன் சேர்ந்து புதிய கணித முறையொன்றை வளர்த்து, ஒவ்வொரு வடிவத்தையும் எங்கே நிலையாக இருக்கும், எங்கே குலையும் என்று முதலிலிருந்து சோதித்தார். பொருளின் சுழற்சி ஆற்றல் அதன் ஈர்ப்பு ஆற்றலில் ஏறக்குறைய 14 சதவீதத்தைத் தொடும் இடத்தில் மெக்லாரின் கோளத்திலிருந்து ஜேக்கபியின் வடிவம் கிளை பிரிகிறது. உராய்வு போல ஆற்றலைக் கரைக்கும் ஏதேனும் இருந்தால்தான் அங்கே பழைய வடிவம் குலையும். எதுவும் இல்லாவிட்டால் 27 சதவீதம் வரை தாங்கும். ரீமன் நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதி, பெரும்பாலானோர் திரும்பிப் பார்க்காத ஆய்வு அவர் கையில் முழு வடிவம் பெற்றது. மேடையில் பேசிச் சில ஆண்டுகள் கழித்து, 1969இல், ‘சமநிலை நீள்கோள வடிவங்கள்’ யேல் பல்கலைக்கழக அச்சகத்திலிருந்து வெளிவந்தது. பழைய கணிதம், விண்மீன்களுக்கு நேரடியாக உதவாது என்று அப்போது பலருக்குத் தோன்றியிருக்கலாம்.

மறு ஆண்டே அதற்கு விடை கிடைத்தது. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல்படி, உருண்டை அல்லாத பொருள் சுழலும்போது ஈர்ப்பலைகளாக ஆற்றலை இழக்கும். அந்த இழப்பே உராய்வின் வேலையைச் செய்யுமா என்று சந்திரசேகர் தன் நீள்கோளங்களைக் கொண்டு 1970இல் கணக்கிட்டார். செய்யும் என்று விடை வந்தது. நிறுத்த வேண்டிய அலைவை ஈர்ப்பலை நிறுத்தவில்லை, வளர்த்துவிடுகிறது. 1978இல் ஜான் ஃப்ரீட்மனும் பெர்னார்ட் ஷுட்ஸும் இதைப் பொதுவாக்கினார்கள்: இலட்சியத் திரவத்தாலான எந்தச் சுழலும் விண்மீனுக்கும் இந்தக் குலைவு உண்டு. மூவர் பெயராலும் அது இன்று வழங்குகிறது. நியூட்ரான் விண்மீன்கள் எவ்வளவு வேகமாகச் சுழல முடியும் என்று கேட்பவர்கள் இந்த வழியாக வந்தாக வேண்டும். 2015இல் ஈர்ப்பலை முதன்முறையாக நேரடியாகப் பதிவான பிறகு, சுழலும் நியூட்ரான் விண்மீன்களிலிருந்து வரக்கூடிய ஓயாத அலையையும் கருவிகள் தேடிக்கொண்டிருக்கின்றன.

அறிஞர்களைக் கூப்பிட்டுப் பேச வைப்பதை எந்தப் பல்கலைக்கழகமும் செய்யும். சில்லிமன் பணம் மூன்றைச் சேர்த்துச் செய்தது. பேச்சாளருக்கு ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக நாள்கணக்கில் நேரம் கொடுத்தது. முழு வேலையையும் முதலிலிருந்து கோத்துச் சொல்லாமல் அவ்வளவு நேரத்தை நிரப்ப முடியாது. எந்த முடிவுக்கு வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பேசியதை எழுதச் சொன்னது. ஆய்வாளர்கள் தாமாக விட்டால் அடுத்த கட்டுரைக்கு ஓடுவார்கள்; பத்து ஆண்டு உழைப்பை நிறுத்தி, திரும்பிப் பார்த்து, வேறு துறைக்காரரும் தொடரும்படி எழுத யாராவது அவர்களைக் கேட்க வேண்டும். பணத்துக்கும் அழைப்புக்கும் கெடுவுக்கும் அப்படிக் கேட்கும் வலு உண்டு.

தாய் தந்தையர் பெயரில் அறக்கட்டளை நிறுவும் வழக்கம் தமிழ்நாட்டில் வற்றிவிடவில்லை. கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வைப்புநிதி கொடுத்துச் சொற்பொழிவு நடத்தச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பத்திரத்தில் இரண்டு வரி கூடுதலாகச் சேருங்கள்: அறிவியலாளர் ஒருவர் ஒரு வாரமாவது தங்கிப் பேச வேண்டும், பேசியது, ஓராண்டு தாமதமானாலும், தமிழில் நூலாக வர வேண்டும். விண்ணியற்பியலில் உலகத்தரத்தில் வேலை செய்யும் தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். தம் துறை முழுவதையும் தமிழில் ஒழுங்காக எடுத்துச் சொல்லுமாறு அவர்களை முறையாக அழைத்து, உரிய நேரமும் ஊதியமும் கொடுக்கும் இடம்தான் குறைவு. அந்த இரண்டு வரியை எழுதுகிறவர், தன் பெற்றோரின் பெயரைத் தான் சந்திக்கவே போகாத ஒரு மாணவனின் மேசை வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்.